வென்றோர் காப்பியத்தில் ஒரு முதியவர் குரல்

போர்த்துக்கீசிய இலக்கியத்தின்பால் எனக்குள்ள பற்றை நன்கு அறிந்தவர் என் நண்பர் ஒருவர்; தமிழாசிரியர். அண்மையில் அவர் என்னைக் கடிந்துகொண்டார். "மலாக்காவைப் பீரங்கி கொண்டு தகர்த்துப் பிடித்தவர்களின் பாட்டை நீர் சுவைத்துச் சுவைத்துப் படிக்கிறீரே, இது முறையா?" என்றார். அவர் வினா எளிதில் தள்ளிவிடத் தக்கதன்று. இலக்கியச் சுவைக்கும் நாட்டு நினைவுக்கும் முரண்பாடு நேருமிடத்து, படிப்பவன் எந்தப் பக்கம் நிற்பது என்பதே அவ்வினாவின் உட்கிடை.

அவர் இவ்வாறு வினவியபோது எதிரே கிடந்த பலகையை 'மேசை' என்றே வழங்கினார். நூல்களை அடுக்கிவைத்திருந்த பெட்டகத்தை 'அலமாரி' என்றார். அதனைத் திறக்கச் 'சாவி' கேட்டார். காற்று வேண்டிச் 'சன்னலை'த் திறந்தார். இந்நான்கு சொல்லும் போர்த்துக்கீசியர் வழி வந்தனவே. மலாய் மொழியில் பள்ளியைக் குறிக்கும் 'செக்கோலா' என்பதும், கொடியைக் குறிக்கும் 'பெண்டேரா' என்பதும், சட்டையைக் குறிக்கும் 'கெமேஜா' என்பதும் அவ்வாறு வந்தனவே. ஆயினும், இதனைக் கூறி நண்பரின் வாயை அடைத்துவிட்டதாக நான் கருதவில்லை. சொற்கள் நம்மைக் கேளாமல் நுழைந்தவை. காப்பியமோ நாமே விரும்பிக் கையில் எடுப்பது. எனவே அதற்கு நாம் காரணங் காட்டத்தான் வேண்டும்.

காப்பியமும் புலவரும்

போர்த்துக்கலின் தேசியக் காப்பியம் 'லூசியாதாஸ்' என்பது. லூசு என்னும் புராண முதல்வனின் வழிவந்தோர் என்பது அப்பெயரின் பொருள். லிஸ்பனில் 1572-ஆம் ஆண்டில் அச்சேறிய இந்நூல் 10 காண்டங்களும், எட்டடிகளாலான 1,102 செய்யுள்களும் உடையது. வாஸ்கோ ட காமா 1497-இல் லிஸ்பனிலிருந்து புறப்பட்டு 1498-இல் கள்ளிக்கோட்டை அடைந்த கடற்செலவே இதன் கதை.

இதனை இயற்றிய லூயிஸ் தெ கமோயன்ஸ் அரண்மனை நிழலில் அமர்ந்து பாடிய புலவர் அல்லர். வட ஆப்பிரிக்காவில் செயூத்தாப் போரில் ஒரு கண்ணை இழந்தவர். 1552-இல் லிஸ்பன் தெருவில் நிகழ்ந்த கைகலப்பொன்றில் அரண்மனை ஊழியர் ஒருவரைக் காயப்படுத்திச் சிறைப்பட்டார்; மறு ஆண்டு மன்னிப்புப் பெற்றுப் போர்வீரராகக் கோவாவிற்குக் கப்பலேறினார். கீழ்த்திசை நாடுகளில் ஏறத்தாழ 17 ஆண்டுகள் அலைந்தார். மேக்கோங் ஆற்று முகத்தில் கப்பல் உடைந்தபோது தம் காப்பிய ஏட்டைக் காத்துக் கரையேறினார் என்பது வழிவழி வரும் செய்தி. பத்தாங் காண்டத்தில் அவரே அந்த ஆற்றையும் நனைந்த பாடல்களையும் குறிப்பிடுகிறார். 1570-இல் வறியராய் நாடு திரும்பிய அவருக்கு, நூல் வெளிவந்தபின் மன்னன் செபஸ்தியான் அளித்தது சிறு உதவித்தொகை. 1578-இல் அம்மன்னன் மொராக்கோப் போர்க்களத்தில் மாண்டான். 1580-இல் புலவரும் மறைந்தார். அவ்வாண்டே நாடு ஸ்பெயின் மன்னனின் கைக்குச் சென்றது.

இவ்வரலாற்றை இங்கே விரித்தமைக்குக் காரணம் உண்டு. வெற்றியைப் பாட வந்தவர், அவ்வெற்றியின் விலையைத் தம் உடம்பிலே கொடுத்தவர். ஆதலின் அவர் பாட்டில் முழக்கமும் விம்மலும் ஒருங்கே கேட்கின்றன.

தலைவன் யார்?

காப்பியத்திற்குத் தன்னிகரில்லாத் தலைவன் ஒருவன் வேண்டும் என்பது நாம் அறிந்த இலக்கணம். உரோமப் பெரும்புலவர் வர்ஜில் ஒரு வீரனைப் பாடப் புகுவதாகத் தொடங்கினார். கமோயன்ஸ் அவரையே முன்மாதிரியாகக் கொண்டவர்; ஆயினும் தொடக்கத்திலேயே ஒருமையைப் பன்மையாக்கி, வீரர்களைப் பாடப் புகுந்தார். காமா கதையை நடத்துபவனே. தலைமை ஓர் இனத்திற்கு உரியது. இது புதுமை. குறையும் இதிலேயே உள்ளது. காமா நெஞ்சில் நிற்பதில்லை. ஆடும் பாவைபோல் வந்து போகிறான். நூலைப் படித்து முடித்தவர் நெஞ்சில் நிலைப்போர் மூவர்: கொலையுண்ட இனேஸ், கரையில் நின்ற முதியவர், கடல்முனைப் பூதம். மூவரும் வென்றவர் அல்லர் என்பதை நோக்குக.

இனேஸ் தெ கஸ்த்ரோ இளவரசன் பேதுருவின் காதலி. அரசியல் அச்சத்தால் அவன் தந்தை அஃபோன்சோ மன்னன் 1355-இல் அவளைக் கொல்வித்தான். மூன்றாங் காண்டத்தில், தன் சிறு மக்களைக் காட்டி அவள் மன்னனிடம் இறைஞ்சும் பகுதி கல்லையும் கரைப்பது. அல்கொபாசா மடத்துக் கோயிலில் பேதுருவும் இனேசும் கால்மாடு எதிரெதிராகக் கிடத்தப்பட்டுள்ளனர். உலக முடிவில் உயிர்த்தெழும்போது முதற்கண் ஒருவர் முகத்தை ஒருவர் காணவேண்டும் என்பதற்காகவே அவ்வாறு வைத்தனர் என்று மக்கள் கூறுவர்.

ரெஸ்தேலோக் கரையில்

நான்காங் காண்டத்தின் இறுதியே என் கருத்தில் இந்நூலின் உயிர்நிலை. கப்பல்கள் ரெஸ்தேலோக் கரையில் புறப்பாட்டுக்கு நிற்கின்றன. தாயர் அழுகின்றனர். மனைவியர், தமக்குரிய உயிரைக் கடலுக்குக் கொடுக்கக் கணவர்க்கு உரிமை ஏது என்று கேட்கின்றனர். மனம் தளரும் என்று அஞ்சி, வழக்கமான விடைபெறுதலையே காமா தவிர்த்துவிடுகிறான். அப்போது கூட்டத்தினின்று ஒரு முதியவர் மும்முறை தலையசைத்துக் குரலெழுப்புகிறார். ஆளும் ஆசையையும், புகழ் என்று பெயர் சூட்டப்பட்ட வெறும் பேராசையையும் அவர் சாடுகிறார். பொன்னும் அரசும் கிடைக்கும் என்று சொல்லி இம்மக்களை எந்தக் கேட்டிற்கு இட்டுச்செல்கிறீர்கள் என்று கேட்கிறார். தொலைவில் புகழ் தேடப்போய், பிறந்த நாடு ஆளின்றி மெலிகிறதே என்று வருந்துகிறார். உலர்ந்த மரத்தில் முதன்முதல் பாய் கட்டியவனைச் சபிக்கிறார்.

இங்கே அமைப்பு நுட்பம் ஒன்றைக் காணவேண்டும். இக்கதை முழுவதையும் மலிந்தி மன்னனுக்குச் சொல்லிக்கொண்டிருப்பவன் காமாவே. தன் செலவைப் பழித்த சொற்களை, ஓர் அயல் அரசன் முன்னே, தன் வாயாலேயே அவன் எடுத்துரைக்கிறான்! அடுத்த காண்டம் தொடங்கும்போதும் முதியவர் பேசிக்கொண்டே நிற்கிறார். கப்பல்களோ பாய் விரித்துவிட்டன. அவருக்கு யாரும் விடை கூறவில்லை. விடை கூறப்படாத கேள்வி நூல் முழுதும் தொடர்கிறது. ஐந்தாங் காண்டத்திலே ஈறு வீங்கி அழுகி மாலுமிகள் மடியும்போது அது நினைவுக்கு வருகிறது. வரலாற்றிலும் அப்படியே. காமாவுடன் சென்றவர் ஏறத்தாழ 170 பேர்; நாடு திரும்பியவர் அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினரே. காமாவின் உடன்பிறந்தான் பவுலோவும் மீளும் வழியில் இறந்தான்.

ஆயினும் இம்முதியவரை நம் காலத்து அமைதி விரும்பியாகக் கருதிவிடக் கூடாது. போர் வேண்டுமாயின் அண்டையிலுள்ள மூர்களுடன் செய்யலாமே என்றும் அவர் சொல்கிறார். அவர் கவலை தம் நாட்டைப் பற்றியது. கப்பல்கள் சென்றடையும் நாடுகளின் மக்களைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. புகழ்பவர் இதனை மறைத்தல் ஆகாது.

ஐந்தாங் காண்டத்தில், ஆப்பிரிக்கத் தென்முனையில் அதமாஸ்தோர் என்னும் பூதம் இருளில் எழுகிறது. மண்ணிறம், குழிந்த கண், மஞ்சட் பல். தன் கடலில் புகுந்தவர்க்கு வரப்போகும் கேடுகளை அது வரிசையாகச் சொல்கிறது. அம்முனையை முதலில் கடந்த பார்த்தலோமியு தியாஸ் 1500-இல் அக்கடலிலேயே மாண்டார். அரசப் பதிலாளராயிருந்த அல்மெய்தா 1510-இல் அந்நிலத்து மக்களால் கொல்லப்பட்டார். இவை புலவர்க்கு முன்பே நிகழ்ந்தவை, கதைக்கு வருங்காலம். பிறகு, 'நீ யார்?' என்று கேட்டவுடன் பூதம் தன் காதற்கதையைச் சொல்கிறது. கடல்மகள் தெத்திசைத் தழுவியதாக எண்ணிப் பாறையைத் தழுவித் தானும் பாறையானதாம். அச்சுறுத்திய பூதம் அழுதுகொண்டே மறைகிறது. பகைவனுக்கும் ஒரு துயரம் உண்டு என்று காட்டியது புலவரின் பெருமை. ஆயினும் அங்கு வாழ்ந்த மக்களின் எதிர்ப்பை ஒரு பாறையின் வாயில் வைத்தது அவர் பார்வையின் எல்லை.

மலாக்காவும் ஓர் அடிமைப் பெண்ணும்

பத்தாங் காண்டத்தில் கடல்தேவி வருங்கால வெற்றிகளை உரைக்கிறாள். அதில் மைலாப்பூர் வருகிறது. அரசனின் ஆட்களும் யானைகளும் அசைக்க முடியாத பெருமரத்தைத் தோமையார் தம் இடைக்கச்சால் கட்டி இழுத்த கதையும் வருகிறது. மலாக்காவும் வருகிறது. செல்வம் மிக்க ஊர், நஞ்சு தோய்ந்த அம்பு, கிரீசு, காதல் மனங்கொண்ட மலாய்க்காரர், வீரம் மிக்க சாவகர், அனைவரும் ஆல்புகெர்க்கின் கீழ் அடங்குவர் என்று ஒரே செய்யுளில் அவ்வூரின் கதை முடிந்துவிடுகிறது. 1511 ஆகஸ்டில் விழுந்த நகரின் தெருக்களில் என்ன நிகழ்ந்தது என்பது அதில் இல்லை.

அதனை அடுத்து வருவது இன்னும் நோக்கத்தக்கது. உடன்பட்டோர்க்கும் கொடியவர் என்று ஆல்புகெர்க்கைப் புலவர் கண்டிக்கிறார். வெற்றித் தலைவனைக் கண்டிக்கும் துணிவு போற்றத்தக்கதே. ஆனால் காரணம் யாது? சிறைப்பட்ட பெண்ணொருத்தியைத் தீண்டிய படைவீரனை அவர் தூக்கிலிட்டாராம். ஓர் அடிமைப் பெண்ணின் பொருட்டு இத்தகைய தண்டனையா என்பது புலவர் முறையீடு. அப்பெண்ணை இழிந்தவள், காமம் மிக்கவள், கருநிறத்தவள் என்று மூன்று இழிசொற்களால் சுட்டிவிட்டு மேலே செல்கிறார். அவள் பெயர் இல்லை. அவள் விருப்பம் கேட்கப்படவில்லை. இனேசுக்காகக் கண்ணீர் வடித்த அதே எழுதுகோல் இங்கே உலர்ந்துவிட்டது. இக்காப்பியத்தின் மிகப் பெரிய குறை எது என்று என்னைக் கேட்டால், கிறித்தவக் கடவுளையும் உரோமத் தேவர்களையும் கலந்தது என்று வால்தேர் காட்டிய குறையைச் சொல்லமாட்டேன்; இந்தச் செய்யுளையே சொல்வேன்.

வியப்பு என்னவெனில், இவரே பார்பரா என்னும் கருநிறச் சிறைப்பெண்ணைப் பற்றி ஒரு சிறு பாட்டும் பாடியிருக்கிறார். சிறைப்பட்டவளிடம் தாம் சிறைப்பட்டதாகவும், அவள் கருமையைக் கண்டு பனியும் தன் நிறத்தை மாற்றிக்கொள்ள விழையும் என்றும் அங்கே உருகுகிறார். ஒரே நெஞ்சில் இரண்டும் இருந்தன. அரசுக்காகப் பாடும்போது கண் மூடிக்கொள்வதும், தனக்காகப் பாடும்போது கண் திறப்பதும் புலவர்க்கு நேர்வதுண்டு. அந்த வேறுபாட்டைக் காண்பதே திறனாய்வு.

பின்வந்தோர் செய்த கோலம்

நூல் ஒன்று, அதனைப் படித்தவர் பலர். 1776-இல் ஆங்கிலத்தில் பெயர்த்த மிக்கிள் இதனை வாணிகத்தின் காப்பியம் என்று புகழ்ந்தார். மூலத்தில் இல்லாத சில நூறு அடிகளைத் தாமே இயற்றிச் சேர்க்கவும் செய்தார். சலாசர் ஆட்சிக்காலத்தில், புலவர் மறைந்த ஜூன் 10 'இனத்தின் நாள்' என்ற பெயரோடு பேரரசுக் கொண்டாட்டம் ஆயிற்று. ஆப்பிரிக்காவில் விடுதலைப் போர்கள் நிகழ்ந்த 1961 முதல் 1974 வரை இளைஞர்களைக் கப்பலேற்றி அனுப்பிய அரசு, ரெஸ்தேலோ முதியவரைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்றும் போர்த்துக்கீசியப் பேச்சில் 'ரெஸ்தேலோக் கிழவர்' என்றால் முன்னேற்றத்திற்கு முட்டுக்கட்டை போடுபவர் என்றே பொருள்! 1974 ஏப்ரல் 25-இல் அவ்வாட்சி வீழ்ந்தது. 1978 முதல் அந்நாள் போர்த்துக்கல், கமோயன்ஸ், உலகெங்கும் வாழும் போர்த்துக்கீசியச் சமுதாயங்கள் ஆகியவற்றின் நாளாகப் பெயர் மாறிற்று.

புலவர்கள் அந்த முதியவரை மறக்கவில்லை. பெர்னாந்து பெசோவா 1934-இல் வெளியிட்ட 'மென்சாஜெம்' என்னும் நூலில், கடலின் உப்பில் தாயரின் கண்ணீரைக் கண்டார். எனினும், நெஞ்சு சிறிதாயிராவிடின் கொடுத்த விலை தகுமென்றே முடித்தார். அது முதியவர்க்கு ஏறத்தாழ 360 ஆண்டுகள் கழித்து அளித்த விடை. எனக்கு அது நிறைவளிக்கவில்லை. விலையை யார் கொடுத்தார் என்பதே வினா. அதற்கு அங்கே விடையில்லை. 1998-இல் நோபல் பரிசு பெற்ற சரமாகோ, 'ரிகார்தோ ரெய்ஸ் இறந்த ஆண்டு' என்னும் புதினத்தைக் கமோயன்ஸின் அடியொன்றைத் தலைகீழாக்கித் தொடங்குகிறார். கடல் முடிந்து நிலம் காத்திருக்கும் ஒரு லிஸ்பனை அதில் காட்டுகிறார். இம்மூவரையும் அடுத்தடுத்துப் படிப்பவர், ஒரு நாடு தன்னோடு தானே வழக்காடுவதைக் கேட்பார்.

உப்பு நீக்கிச் சமைத்தல்

லிஸ்பன் செல்லும் அன்பர்கள் பெலெம் பகுதிக்குப் போவர். பழைய ரெஸ்தேலோக் கரை அதுவே. முட்டைப்பாகு நிறைந்த சிறு பணியாரத்தைச் சுடச்சுட உண்பர். அதனை நானும் வெறுப்பவன் அல்லேன். அருகிலுள்ள ஜெரோனிமோஸ் மடத்துக் கோயிலில் காமாவின் கல்லறையும் கமோயன்ஸின் கல்லறையும் வாயிலின் இருபுறமும் உள்ளன. செய்தவனையும் பாடியவனையும் இணைத்துவிட்டனர். முதியவர்க்கு அங்கே கல்லறை இல்லை. சாந்தா கத்தரீனா மேட்டில் அதமாஸ்தோருக்கு 1927-இல் வைத்த சிலையாவது உண்டு.

அந்நாட்டார் உயிராய் மதிக்கும் உணவு 'பக்கல்யாவு' என்னும் உப்பிட்டு உலர்த்திய மீன். அம்மீன் அவர்கள் கடலில் கிடைப்பதன்று. தொலைவிலுள்ள வடகடல்களில் பிடித்தது. கட்டையாய் இறுகிய அதனை ஓரிரு நாள் நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி உப்பை நீக்கினாலன்றிச் சமைக்க இயலாது. பிறகே உருளைக்கிழங்கும் வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் சேரும். உப்பு முழுவதும் போய்விட்டாலும் சுவையில்லை, போகாவிட்டாலும் உண்ணமுடியாது. வென்றோர் காப்பியத்தைப் படிப்பதும் அவ்வாறே. ஊறவைக்காமல் விழுங்குபவர் பேரரசின் செருக்கை விழுங்குவர். மீனே வேண்டாவென்று எறிபவர் இனேசையும் முதியவரையும் சேர்த்தெறிவர்.

இனி, என் நண்பர்க்கு விடை. நாம் தோற்றோர் பக்கம் நின்று இதனைப் படிக்கிறோம் என்றார் அவர். அதுவும் அத்துணை எளிதன்று. 1509-இல் மலாக்காவில் சிறைப்பட்ட போர்த்துக்கீசியர்க்கு உதவியவர், அவர்கள் நைனா சத்து என்று எழுதிய தமிழ் வணிகர். நகர் விழுந்தபின் அவர்க்குப் பெண்டகாராப் பதவி கிடைத்தது. சில ஆண்டுகளில் அது பறிபோக, அவர் தீப்புகுந்து மாண்டார். புகழும் ஆட்சியும் தரும் ஆசையைப் பற்றிய முதியவர் சொல் லிஸ்பன் மாலுமிக்கு மட்டும் உரியதன்று.

போர்த்துக்கீசியர் எழுப்பிய கோட்டைக்குப் பள்ளிவாசல் கற்களும் அரச சமாதிக் கற்களும் பயன்பட்டன என்பர். 1641-இல் அது ஒல்லாந்தர் கைக்குச் சென்றது. பின்னர் ஆங்கிலேயர் 1807-இல் அதனை வெடிவைத்து இடித்தனர். இன்று எஞ்சியிருப்பது ஒரு வாயில். உஜோங் பாசிர்க் குடியிருப்பில் அன்று வந்தோர் வழியினர் கிரிஸ்தாங் மொழி பேசி, கடுகும் காடியும் மிளகாயும் சேர்த்த 'டெபல்' கறி சமைத்து, ஜூன் மாதத்தில் மீனவர் காவலர் பேதுருவின் விழா எடுக்கின்றனர். அவர்கள் பெரும்பாலும் எளிய மீனவர் குடிகள். பேரரசு போயிற்று, மக்கள் இருக்கின்றனர். அவர்களை வெறுக்க எவர்க்கும் மனம் வராது.

தமிழாசிரியர்கள் இக்காப்பியத்தை ஆங்கிலப் பெயர்ப்பிலேனும் ஒருமுறை படிக்கவேண்டும் என்று விரும்புகிறேன். முதலிலிருந்து தொடங்கவேண்டுவதில்லை. மூன்றாங் காண்டத்து இனேஸ், நான்காங் காண்டத்து முதியவர், ஐந்தாங் காண்டத்துப் பூதம், பத்தாங் காண்டத்து மலாக்கா என்ற வரிசையில் படிக்கலாம். நூலின் முடிவில் புலவர், தம் குரல் கம்மிவிட்டது என்றும், அது பாடியதால் அன்று, செவிடர்க்குப் பாடியதால் என்றும் நொந்துகொள்கிறார். அந்தச் செவிடர் கூட்டத்தில் நாம் சேரவேண்டியதில்லை. முதியவர் குரலை நன்கு கேட்போம். அவரும் கேளாமல் விட்ட அந்தப் பெயரற்ற பெண்ணின் குரலையும் தேடுவோம். அவ்வாறு படிப்பது முறையா என்று நண்பர் மீண்டும் கேட்பாராயின், முறைதான் என்பேன்.